தாடி வாடகை போக 13 டாலர்

(கேள்வி-பதில்)

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கார்ட்டூன் பற்றியவை. எழுதியவர்களில் ஒரே ஒருவர்தான் சிறுவர். அவரைக் கடைசியில் உட்கார வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாம் பிள்ளை பெற்றவர்கள், ‘பெயர் போட வேண்டாம்’ என்று இரண்டு தரம் அடிக்கோடு போட்டவர்கள். ஊரும் தொழிலும் மட்டும் போடுகிறேன். வீட்டில் கண்டுபிடித்துவிட்டால் என்னைக் கேட்கக்கூடாது.

மில் ஷிப்ட் அப்பா, வன்னியம்பட்டி

கே: காலேஜ் படிக்கும் என் மகன் ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்க கார்ட்டூனைப் போட்டுக்கொண்டு தனியாகச் சிரிக்கிறான். மஞ்சள் மூஞ்சி, கைக்கு நாலு விரல். அதில் வரும் அப்பா குடிகாரர், சோம்பேறி. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

ப: குடிப்பார், வேலை நேரத்தில் தூங்குவார், கோபம் வந்தால் மகன் கழுத்தைப் பிடித்து நெரிப்பார். எல்லாம் வாஸ்தவம். ஆனால் 1989 டிசம்பர் 17-ஆம் தேதி அந்தத் தொடர் எந்தக் கதையோடு தொடங்கியது என்று தெரிந்தால் நீங்கள் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவீர்கள். அது போனஸ் கதை.

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமருக்கு இந்த வருடம் போனஸ் கிடையாது என்று முதலாளி சொல்லிவிடுகிறார். மனைவி மார்ஜ் பண்டிகைக்கென்று சேர்த்த பணமோ, மகன் பார்ட் கையில் குத்திக்கொண்டு வந்த பச்சையை லேசரில் அழிப்பதற்கே சரியாகப் போய்விட்டது. போனஸ் இல்லை என்று வீட்டில் சொல்ல ஹோமருக்கு வாய் வரவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் ராஜபாளையத்து மில் கேட்டில் நின்றவர்களுக்கு இந்த இடத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நமக்காவது குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று சட்டம் ஒன்று இருக்கிறது.

மனுஷன் யாருக்கும் தெரியாமல் ஒரு பெரிய கடைவளாகத்தில் சாண்டா வேஷம் கட்டுகிறார். வந்த இடத்தில் பார்ட் தாடியைப் பிடித்து இழுக்க, உள்ளே அப்பா! சம்பள நாளில் பயிற்சிக்கு, உடுப்புக்கு, தாடி வாடகைக்கு என்று பிடித்ததெல்லாம் போகக் கைக்கு வந்தது 13 டாலர். அதைக் கொண்டுபோய் அப்பனும் மகனும் நாய்ப் பந்தயத்தில், ஒன்றுக்கு 99 தருவதாகச் சொல்லியும் ஆள் சீந்தாத ஒரு நாய்மேல் கட்டுகிறார்கள். அது கடைசியாக வருகிறது. சொந்தக்காரன் நாயை விரட்டுகிறான். ஓடிவந்து ஹோமர்மேல் தாவுகிறது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியவர் நாயோடு போகிறார். அதுதான் பண்டிகைப் பரிசு என்று வீடே குதிக்கிறது.

அந்த மகன் அப்பாவோடு ஒட்டிக்கொண்டது தாடி கழன்ற பிறகுதான். உங்கள் மகன் எதற்குச் சிரிக்கிறான் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் அண்ணாச்சி. அநேகமாக உங்களை நினைத்துத்தான்.

நாய் வளர்ப்பவர், ராஜபாளையம்

கே: அந்த நாய் நம்ம ஊர் ஜாதிக்குச் சொந்தமா?

ப: கேட்பீர்கள் என்று தெரியும். அது கிரேஹவுண்ட். ஒல்லி உடம்பு, ஒட்டிய வயிறு, ஓட்டத்துக்கென்றே பிறந்த கால். சம்பந்தம் பேசுவதானால் சிப்பிப்பாறைக்காரர்களிடம்தான் பேச வேண்டும். நம்ம வெள்ளை ராஜா வாசலில் படுத்துக் காவல் காக்கிற ஜாதி. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டிருக்கிறது. சிம்ப்சன் வீட்டு நாய் காவலும் காக்காது, பந்தயத்திலும் ஜெயிக்காது. ஆனாலும் 35 வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறது. தபால்தலை இல்லாமலே.

மளிகைக்கடை, கிருஷ்ணன்கோவில்

கே: ஹோமர் என்றால் கிரேக்க மகாகவி இல்லையா? அவர் பெயரை ஒரு குடிகாரருக்கா வைப்பது?

ப: கவிக்கு அவமரியாதை நேரவில்லை. தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங்கின் சொந்த அப்பா பெயர் ஹோமர். அம்மா மார்கரெட், தங்கைகள் லிசா, மேகி. வீட்டு ரேஷன் கார்டை அப்படியே கார்ட்டூனாக்கிவிட்டார். தன் பெயரை மட்டும் விட்டுவிட்டு அந்த இடத்தில் ‘பார்ட்’ என்று போட்டார். விவரமான பிள்ளை.

பால்கோவாக் கடை, ஸ்ரீவில்லிபுத்தூர்

கே: எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுக்கிறேன். ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறாள். இன்னும் என்னதான் வாங்குவது?

ப: வாங்குவதை நிறுத்துங்கள். ஹோமர் குதிரையே வாங்கிப் பார்த்துவிட்டார்.

1991-இல் வந்த கதை. மகள் லிசா பள்ளி மேடையில் சாக்ஸபோன் வாசிக்க வேண்டும். வாயில் வைத்து ஊதும் நாணல் சீவல் உடைந்துவிட்டது. நம்ம நாதஸ்வரச் சீவாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் வாத்தியம் வெறும் பித்தளை. ‘அப்பா, கடை மூடுவதற்குள் ஒன்று வாங்கி வாருங்கள்’ என்கிறாள். அப்பா வழியில் ஒரு கிளாஸ் போடலாம் என்று ஒதுங்குகிறார். மேடையில் மகள் மானம் போகிறது.

குற்ற உணர்ச்சியில், அவள் வெகுநாளாக ஆசைப்பட்ட குட்டைக் குதிரை ஒன்றைக் கடன்பட்டு வாங்கிவந்து நிறுத்துகிறார். மகள் அப்பாவைக் கட்டிக்கொள்கிறாள். ஆனால் குதிரைக்குத் தீனி வேண்டுமே, லாயத்துக்கு வாடகை வேண்டுமே! பகலில் அணு உலை, இரவில் அபுவின் பலசரக்குக் கடை. ஆமாம், அபு நம்ம நாட்டுக்காரர்தான். அவர் பேச்சைக் கேலி செய்த விதம் பற்றிப் பின்னாளில் பெரிய சண்டையே வந்து, குரல் கொடுத்த வெள்ளைக்காரர் 2020-இல் விலகிக்கொண்டார். அது தனிக் கதை. அப்பா தூக்கமில்லாமல் நடைப்பிணமாகத் திரிவது எதனால் என்று மார்ஜ் மகளிடம் சொல்கிறாள். லிசா குதிரையைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள்.

சீவாளி சில்லறைக் காசு. குதிரை ஆயிரக்கணக்கில். உங்கள் மகள் ஒரு மாதத்துக்கு முன்பு ஏதோ சில்லறைக் காசுச் சமாசாரம் கேட்டிருப்பாள். ஞாபகப்படுத்திப் பாருங்கள். பேப்பர், ஸ்கேல், ஆண்டு விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்காருவது, இப்படி எதுவோ.

அதே பால்கோவாக் கடை, பின்குறிப்பு

கே: அந்த ஹோமர் எந்நேரமும் டோனட் தின்கிறாராமே?

ப: ஆமாம். அதற்கு நடுவில் ஓட்டை இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற உங்கள் பால்கோவாவில் அந்தக் குறை இல்லை. ஓட்டை வாங்குகிறவர் பையில் விழுகிறது.

பேண்டேஜ் தறி, சத்திரப்பட்டி

கே: சின்னவன் ‘ஷின்சான்’ பார்த்துவிட்டு எதிர்த்துப் பேசுகிறான். இதைத் தடை செய்ய ஆளில்லையா?

ப: இருந்தார்கள். பெற்றோர் புகார்கள் குவிந்து 2008-இல் இந்தியாவில் நிறுத்திப் பார்த்தார்கள். அடுத்த வருடமே கத்தரி போட்டுத் திரும்ப விட்டார்கள். இப்போது தமிழ் பேசிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான். 2025-இல் ஜப்பானில் வந்த அவனுடைய படத்தில் இந்தியாவுக்கே வந்து ஆட்டமும் போட்டுவிட்டான். தடையால் முடியாததை நீங்கள் செய்யலாம்: அவன் வயது ஐந்து, உன் வயது என்ன என்று உங்கள் பையனிடம் கேளுங்கள்.

அவருடைய மனைவி, அதே கடிதத்தின் பின்பக்கம்

கே: ஷின்சானின் அப்பா சாக்ஸ் நாற்றத்தைத் தவிர அந்தக் குடும்பத்தில் என்ன இருக்கிறது?

ப: அந்த நாற்றத்தில்தான் எல்லாம் இருக்கிறது, தாயி.

2001-இல் கெய்இச்சி ஹாரா இயக்கிய ஷின்சான் படம் ஒன்று. பழைய காலத்து வாசனையைப் பரப்பி, ஊரிலுள்ள பெரியவர்களையெல்லாம் குழந்தைகளாக்குகிறது ஒரு கூட்டம். அப்பா அம்மாக்கள் பிள்ளைகளை மறந்துவிட்டு விளையாடப் போகிறார்கள். ஷின்சானின் அப்பா ஹிரோஷி (ஜப்பானிய மூலத்தில் அதுதான் பெயர்) சின்னப் பையனாகி 1970 ஒசாகா கண்காட்சியில் நின்றுகொண்டு திரும்பிவர மறுக்கிறார். அங்கே போகிற ஐந்து வயது மகன் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அப்பாவின் ஷூவைக் கழற்றி அவர் மூக்கில் வைக்கிறான்.

அந்த வாடையில் ஹிரோஷிக்கு முழு வாழ்க்கையும் திரும்புகிறது. தன் அப்பாவின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து மீன் பிடிக்கப் போனது, முதல் காதல் போனது, டோக்கியோவுக்கு வேலைக்கு வந்தது, வெயிலில் பை தூக்கி அலைந்தது, கல்யாணம், பிள்ளை, கடனில் கட்டிய வீடு. ஒரு பேச்சு இல்லாமல் நிமிடக்கணக்கில் இசை மட்டும் ஓடுகிறது. முடிவில் அந்தக் குட்டிப் பையன் உடம்புக்குள்ளிருந்து அப்பா திரும்பி வந்து மகனைக் கட்டிக்கொண்டு அழுகிறார். குழந்தைகளைச் சிரிக்க வைக்கக் கூட்டிப்போன ஜப்பானிய அப்பாக்கள் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர் சட்டையில் பஞ்சுத் தூசி வாடை இருக்குமே, அதைத் துவைக்கப் போடுவதற்கு முன் ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். யோசித்துவிட்டுத் துவைத்துவிடுங்கள்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஸ்ரீவில்லிபுத்தூர்

கே: அமெரிக்காவையும் ஜப்பானையும் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே, நம் ஊரில் அப்பா-பிள்ளைக் கதைக்குப் பஞ்சமா?

ப: பிரம்பை ஓரமாக வையுங்கள் ஐயா, வருகிறேன்.

ஒரு நந்தவனக்காரர். துளசிச் செடிக்கு அடியில் கிடைத்த பெண்குழந்தையை எடுத்து வளர்க்கிறார். தினம் கோயிலுக்கு மாலை கட்டுவது வேலை. அவர் அசந்த நேரத்தில் அந்த மாலையைப் பெண் தன் கழுத்தில் போட்டு அழகு பார்த்துவிட்டு, எதுவும் தெரியாத மாதிரி கூடையில் வைத்துவிடுகிறது. ஒரு நாள் பிடிபடுகிறது. அப்பாவுக்குப் பதறுகிறது, கண்டித்துவிட்டு, புது மாலை கட்டிக்கொண்டு போகிறார். அவள் சூடிய மாலைதான் வேண்டும் என்று கடவுளே சொல்லிவிடுகிறார். அப்பா தோற்றார், மகள் ஜெயித்தாள். இருபது நிமிடக் கார்ட்டூனுக்கு இதைவிடக் கச்சிதமான கதை உண்டா? இன்றும் புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்கு அவள் சூடிய மாலை திருப்பதிக்குப் போகிறது. மகள் செய்த குறும்பை ஊர் வழக்கமாகவே மாற்றிவிட்டது.

இன்னொன்று, உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த நந்தவனக்காரர்தான் பெரியாழ்வார். 473 பாசுரங்கள் பாடியிருக்கிறார். அதில் கண்ணனைத் தாலாட்டுவதும், நிலாவைக் கூப்பிடுவதும், சப்பாணி கொட்டச் சொல்வதும், காது குத்த அழைப்பதும், குளிக்க வரச் சொல்லிக் கெஞ்சுவதுமாக எத்தனை! எல்லாம் யசோதையின் வாயால். பிள்ளைத்தமிழ் என்ற வகைக்கே அங்கேதான் வித்து விழுந்தது. குழந்தை குளிக்க மறுத்தால் என்ன பாடு என்று, பக்கத்தில் நின்று படாதவருக்கு அந்த அளவுக்கு எழுத வராது. பின்னால், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒரு தாய் தவிப்பதாகவும் பாடியிருக்கிறார். ஊரார் அதை அவர் அழுகை என்றே படிக்கிறார்கள். நானும்தான்.

ஃபேன்ஸி ஸ்டோர், மல்லி

கே: ஆண் புலவர் அம்மா குரலில் பாடினார். கார்ட்டூனில் அப்படி உண்டா?

ப: தலைகீழாக உண்டு. பத்து வயது வால்பையன் பார்ட்டுக்குக் குரல் நான்சி கார்ட்ரைட் என்ற பெண்மணி. லிசா வேடத்துக்கென்று போனவர், பார்ட்டைப் பற்றிப் படித்ததும் ‘இவன்தான் வேண்டும்’ என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஷின்சானுக்கும் முதலிலிருந்தே பெண் குரல்தான்.

நைட்டி தைக்கும் அம்மா, தளவாய்புரம்

கே: மூன்று வயதுப் பிள்ளை போனில் கார்ட்டூன் ஓடினால்தான் வாய் திறக்கிறது. தைக்க உட்காரும் நேரத்தில் வேறு என்ன செய்ய?

ப: இரண்டு முதல் நான்கு வயதுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பீஸ் கணக்கில் தைக்கிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய தயவு என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதனால் திட்டமாட்டேன். ஒன்று மட்டும்: பழைய காலத்தில் சோறூட்ட நிலாவைக் காட்டினார்கள். நிலாவைக் காட்ட ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. போனுக்கு அந்த ஆள் வேண்டாம், சுவரில் சாய்த்து வைத்தால் போதும். மூன்று வேளையில் ஒரு வேளையாவது நிலாக் கணக்கில் வையுங்கள். அந்த ஒரு வேளையை வீட்டுக்காரர் தலையில் கட்டலாம். கை அவருக்கும் இருக்கிறது.

ஆசிரியை, மம்சாபுரம்

கே: எல்லாம் அப்பா புராணமாகவே போகிறதே? அம்மாக்கள் கார்ட்டூனில் என்ன செய்கிறார்கள்?

ப: இந்த இதழின் நல்ல கேள்வி இது. குடும்பக் கார்ட்டூன் தொடர்களில் அமெரிக்காவில் இரவு நேரத்தில் முதலில் நிலைத்தது 1960-இல் வந்த ‘ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’. அதிலிருந்து இன்றுவரை சூத்திரம் ஒன்றுதான்: அப்பா சொதப்புவார், அம்மா சமாளிப்பார். அப்பா சொதப்பினால் ஊர் சிரிக்கும். அம்மா சொதப்பினால் ஊர் ஏசும். அதனால் எழுதுகிறவர்கள் அம்மாவை எப்போதும் சரியாகவே நடக்க வைத்துவிட்டார்கள். பாவம், தோற்கும் சுகம் அவளுக்கு எழுதப்படவில்லை. குதிரைக் கதையில் அப்பா தூங்காமல் வேலை பார்த்தது மகளுக்குத் தெரிந்தது எப்படி? அம்மா சொன்னாள். அம்மா தூங்காமல் இருந்த கதையை எந்த அப்பா போய்ச் சொன்னார்?

ஜப்பானில் 1969 முதல் ஞாயிறுதோறும் மாலையில் வரும் ‘சசயே-சான்’ இதற்குக் கொஞ்சம் விலக்கு. அதில் அவசரக்குடுக்கையாகச் சொதப்புகிறவள் வீட்டுக்காரிதான். உலகிலேயே நெடுங்காலம் ஓடும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸில் இருப்பதும் அதுதான். அது முடிந்தால் மறுநாள் திங்கட்கிழமை என்று அந்த ஊரில் வயிறு கலங்குமாம், அதற்கே அந்தத் தொடரின் பெயரில் ஒரு ‘நோய்’ உண்டு. தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைப் படம் முடிந்ததும் வீட்டுப்பாட நோட்டைத் தேடியவர்களுக்கு மருத்துவர் தேவையில்லை.

கபடி பயிற்சியாளர், சேத்தூர்

கே: பிள்ளையோடு விளையாடும்போது அப்பா ஜெயிக்க வேண்டுமா, தோற்க வேண்டுமா?

ப: ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் எடுக்கும் ‘ப்ளூயி’ என்று ஒரு கார்ட்டூன், 2018-இல் தொடங்கியது. ஏழு நிமிடம். நாய்க் குடும்பம், அப்பா பெயர் பேண்டிட், மகள்கள் ப்ளூயி, பிங்கோ. வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. பிள்ளைகள் ஆட்டத்தைச் சொல்லும், அப்பா ஆடுவார். ரோபோ என்றால் ரோபோ, நோயாளி என்றால் நோயாளி. உருவாக்கிய ஜோ ப்ரம் இரண்டு பெண்களுக்கு அப்பா. முதுகுவலி தெரிந்துதான் எழுதினார். அதைப் பார்த்த அப்பாக்கள் உலகம் முழுக்கப் புலம்புகிறார்கள், ‘இந்த நாயால் எங்கள் மரியாதை போகிறது’ என்று.

என் கதை ஒன்று. என் அப்பாவுக்கும் எனக்கும் கேரம் போர்டுதான் பாலம். மற்றபடி பேச்சு குறைவு. கடைசியில் ரெட் போட்டு ஃபாலோ போட வேண்டிய நேரத்தில் அவருக்குக் கை நழுவும். ஸ்ட்ரைக்கர் குழியில் விழும். ‘பவுடர் ஜாஸ்தி’ என்பார். ஊரிலேயே நல்ல ஆட்டக்காரனை ஜெயித்துவிட்டோம் என்று நான் தெருவில் சொல்லித் திரிந்திருக்கிறேன். நாற்பது வயது தாண்டி ஒரு நாள், என் மகனோடு அவர் ஆடுவதைப் பார்த்தேன். அதே ரெட், அதே நழுவல், அதே பவுடர். நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

கபடியில் இதைச் செய்துவிடாதீர்கள். எலும்பு முறிந்தால் பவுடர்மேல் பழி போட முடியாது.

வெளிநாட்டுச் சம்பளக்காரர், ஊர் வன்னியம்பட்டி, இப்போது துபாய்

கே: மகள் பிறந்ததையே வீடியோவில்தான் பார்த்தேன். வேலை பிடிக்கவில்லை, விடவும் முடியவில்லை. உங்கள் ஹோமரிடம் இதற்கு ஏதாவது உண்டா?

ப: உண்டு. 1995 ஜனவரியில் வந்த கதை. கடைக்குட்டி மேகியின் படம் ஒன்றுகூட வீட்டு ஆல்பத்தில் இல்லையே ஏன் என்று பெரிய பிள்ளைகள் கேட்கிறார்கள். ஹோமர் கதை சொல்கிறார். கடனெல்லாம் அடைத்துவிட்டு, வெறுத்துப்போன அணு உலை வேலையை ஒரு நாள் உதறி, மனசுக்குப் பிடித்த பந்து உருட்டும் விளையாட்டுக் கூடத்தில் சேர்ந்திருக்கிறார். சம்பளம் கம்மி, ஆனால் விசிலடித்துக்கொண்டு வேலை. அப்போது மார்ஜ் மூன்றாவது முறை உண்டாகிறாள். பழைய முதலாளி காலில் போய் விழவேண்டி வருகிறது. கெஞ்சி வருகிறவர்களுக்கென்றே வைத்த குட்டி வாசலில் முட்டிபோட்டு நுழைகிறார். ‘இனி ஆயுசுக்கும் இங்கேதான்’ என்கிற மாதிரி ஒரு பலகையை அவர் மேஜைக்கு எதிரே மாட்டுகிறார் முதலாளி.

மேகி படங்களெல்லாம் எங்கே என்றால், அந்தப் பலகைமேல். எழுத்துகளை அங்கங்கே மறைத்து ஒட்டியிருக்கிறார். மிச்சமுள்ள எழுத்துகளைக் கூட்டிப் படித்தால், ‘அவளுக்காகச் செய்’.

உங்கள் போனைத் திறந்தால் முன்னால் வருவது யார் படம் என்று நான் கேட்கவில்லை. ஊருக்கு வரும்போது வன்னியம்பட்டி விலக்கில் இறங்கியதும் அந்தப் போனை உள்ளே வைத்துவிடுங்கள். மகள் முதல் இரண்டு நாள் கிட்டே வரமாட்டாள். மூன்றாம் நாள் வருவாள். லீவு போடும்போது இதையும் கணக்கில் சேர்த்துப் போடுங்கள்.

ஆறாம் வகுப்பு மாணவன், வன்னியம்பட்டி (பென்சில் எழுத்து, போஸ்ட் கார்டு)

கே: எங்க அப்பா செஸ்ல என்கிட்ட வேணும்னே ராணியை வெட்டுக்குக் கொடுக்குறாங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லிரவா?

ப: சொல்லாதே.